அண்ணையைக் கதைக்க வைச்ச படம்

அந்த வீடியோ வந்த அண்டைக்கே அம்மான்ரை போனைத் தூக்கிக் கிணத்துக்கை எறிஞ்சிருக்க வேணும். எறிஞ்சிருந்தால் பாதிப் பிரச்சினை அண்டைக்கே முடிஞ்சிருக்கும். கோதாரி விழுந்த போன் இப்பவும் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை சார்ச்சிலை கிடக்குது.

அனுப்பினவன் பிறத்தி ஆளில்லை. என்ரை அக்கான்ரை மகன், எனக்குப் பெறாமகன். கனடாவிலை பிறந்து வளந்த பொடியன், கம்பியூட்டர் படிச்சு இப்ப பெரிய கொம்பனியிலை வேலை. கெட்டவன் எண்டு சொல்ல மாட்டன். அம்மம்மாவிலை உயிர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்து, உடைஞ்ச தமிழிலை சுகம் கேப்பான். கெட்டவன் ஒரு வேலை செய்தால் செருப்பாலை அடிச்சுப்போட்டுப் போகலாம். நல்லவன் செய்யிற விசர் வேலைக்கு என்ன செய்யிறது?

அம்மான்ரை பிறந்தநாளுக்கு ஒரு சப்ரைஸ் குடுக்க வேணும் எண்டு அவனுக்கு ஆசை வந்திட்டுது. சீலை அனுப்பலாம், கேக் ஓடர் பண்ணலாம். எல்லாரும் செய்யிறதுதானே. ஆனால் இவன் படிச்சவனெல்லே! என்ரை அண்ணையின்ரை இளந்தாரிப் படம் ஒண்டை எடுத்து, இந்த ஏஐ எண்டிற மூளைக்குள்ளை போட்டு, வயசைக் கூட்டி, கண்ணை வெட்ட வைச்சு, வாயை அசைய வைச்சு, கதைக்க விட்டு அனுப்பிப்போட்டான்.

எங்கடை அண்ணை இல்லாமல் போய்க் கனகாலம். செத்தவர் எண்டும் சொல்லேலாது, இருக்கிறார் எண்டும் சொல்லேலாது. கடைசிச் சண்டை நேரம் அவர் வன்னியிலை, அம்மாவும் அவரோடைதான். சண்டை முடிஞ்ச கையோடை சனத்தோடை சனமாய் ரண்டு பேரும் வெளியிலை வந்தவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லி அண்ணையை ஒரு பஸ்ஸிலை ஏத்தினவங்கள். அம்மா அந்தப் பஸ் வளைவிலை திரும்பி மறையிற மட்டும் பாத்துக்கொண்டு நிண்டவ. அதோடை சரி. அதுக்குப் பிறகு ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை, கும்பிடாத கோயில் இல்லை. ஒருத்தன் எண்டாலும் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லியிருக்கிறானோ? இல்லை.

எங்கடை வீடுகளிலை செத்த ஆளின்ரை படத்துக்குப் பொட்டு வைச்சு, மாலை போட்டு, விளக்குக் கொளுத்துவம். அண்ணையின்ரை படத்துக்கு உதொண்டும் கிடையாது. வீட்டுக்கு வந்த ஒரு தெரிஞ்ச மனிசி தெரியாத்தனமாய் ரண்டு நந்தியாவட்டையைப் படத்துக்கு முன்னாலை வைச்சுப்போட்டா. அம்மா அவவைப் பேசின பேச்சு! பூவைப் பொறுக்கி வாசல் முத்தத்திலை எறிஞ்சுபோட்டு, என்ரை பிள்ளை வெளியிலை போயிருக்கிறான், வருவான் எண்டா. அந்த மனிசி பிறகு எங்கடை படலை திறக்கேல்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. அம்மா இருக்கிற வரைக்கும் அது அப்பிடித்தான் எண்டு நாங்களும் விட்டிட்டம்.

வீடியோ வந்த நேரம் நான் கடையிலை. வல்வெட்டித்துறைச் சந்திக்குக் கிட்ட சின்னதாய் ஒரு கொமினிகேசன் வைச்சிருக்கிறன். ரீலோட் போடுறது, போட்டோக்கொப்பி அடிக்கிறது, பாஸ்போட் சைஸ் படம் எடுக்கிறது. போன் விளங்காத சனமெல்லாம் என்னட்டைத்தான் வரும். அப்பிடிப்பட்ட என்ரை வீட்டுக்கையே இந்தக் கூத்து நடந்திருக்கு.

மத்தியானம் சாப்பிட வீட்டை போறன், அம்மா கோயிலுக்குக் கட்டிற சீலையைக் கட்டிக்கொண்டு கதிரையிலை இருக்கிறா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு, வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டு மனிசியள் ரண்டு பேர் போனுக்கை தலையை விட்டுக்கொண்டு நிக்கினம்.

"மோளே, கொண்ணன் கதைச்சவன்" எண்டா.

போனை வாங்கிப் பாத்தன். முன்தலை கொஞ்சம் கழண்டு, காதடி நரைச்சு, கன்னம் ஒட்டி, செத்துப்போன எங்கடை அப்பாவை உரிச்சு வைச்ச மாதிரி அண்ணை இருக்கிறார். பின்னாலை ஒரு வெள்ளைச் சுவர். சிரிச்சுக்கொண்டு சொல்லுறார்: "அம்மா, எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? நான் நல்லா இருக்கேன். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. சீக்கிரமா வந்து பார்க்கிறேன்."

அடியிலை இங்கிலீசிலை குறுணி எழுத்திலை கிடக்கு, இது கம்பியூட்டர் செய்தது எண்டு. அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது.

"அம்மா, உது அண்ணையில்லை. உங்கடை பேரன் செய்து விட்ட விளையாட்டு" எண்டன்.

"உனக்கு விசரோ? நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதோ? அவன்ரை இருபத்தஞ்சு வயசுப் படந்தானே எங்களிட்டைக் கிடக்கு. நரைச்ச படம் எங்காலை வந்தது? ஆள் இருந்தால்தானேடி நரைக்கும்."

"கதையைக் கேட்டனீங்களோ? எங்கடை அண்ணை உப்பிடியோ கதைக்கிறவர்? உது இந்தியாக்காரன்ரை கதை."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மா துள்ளி எழும்பினா.

"அதைத்தானே நானும் சொல்லுறன்! அவன் இந்தியாவிலை இருக்கிறான். எங்கையோ தப்பி, ஆற்றையோ வள்ளத்திலை ஏறி அக்கரைக்குப் போயிட்டான். இவ்வளவு காலம் அங்கை கிடந்தால் கதை மாறுந்தானே. கொக்கான்ரை பொடியன் வெள்ளைக்காரன் மாதிரி இழுத்துக் கதைக்கேல்லையோ? அவன் என்ரை பேரன் இல்லையெண்டு ஆரும் சொல்லுறவையோ?"

சொல்லுங்கோ, இதுக்கு என்ன பதில் சொல்லுறது? கடல்கரையிலை பிறந்து, அக்கரைக்குப் போய் வாறதை அடுத்த ஊருக்குப் போய் வாற மாதிரிக் கண்டு வளந்த மனிசி. இந்த ஊரிலை எந்தத் தாயும் அப்பிடித்தான் நினைப்பாள்.

உடனை கனடாவுக்கு எடுத்தன், நல்லகாலம் அந்தச் சாமத்திலையும் முழிச்சிருந்தான். வாயிலை வந்ததெல்லாம் பேசினன். அவன் முதலிலை சிரிச்சான், பிறகு பயந்தான், பிறகு மூக்கை உறிஞ்சினான்.

"சித்தி, இது செய்த படம் எண்டு அம்மம்மாவுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சன். நான் ரெஸ்பெக்ட்டாய்த்தான் செய்தனான். அந்த ஏஐ தானாய்ப் பின்னாலை மாலையும் விளக்கும் போட்டுத் தந்தது. அம்மம்மாவுக்குப் பிடிக்காது எண்டு நான்தான் எடுத்துவிட்டனான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதையைப் பாருங்கோ. மாலை கிடந்திருந்தாலாவது அம்மா பேசிப்போட்டு விட்டிருப்பா. எங்கடை வழக்கத்தை மதிச்சுத்தான் அவன் எங்கடை தலையிலை மண்ணைப் போட்டிருக்கிறான்.

"அப்ப ஏன்ரா இந்தியாக்காரனைப் போலை கதைக்க வைச்சனி?"

"யாழ்ப்பாணத் தமிழ் அதிலை இல்லை, சித்தி. தமிழ் எண்டு அமத்தினால் இதுதான் வரும்."

இல்லையாம். செவ்வாயிலை வண்டில் ஓட்டத் தெரிஞ்சிருக்கு. சூரியனுக்குக் கிட்டப் போய்ப் பாக்கத் தெரிஞ்சிருக்கு. நாங்கள் வாயைத் திறந்து கதைக்கிற கதை அவங்கடை கணக்கிலை இல்லை. செத்த பிறகும் எங்களுக்கு எங்கடை வாய் இல்லையோ எண்டு கேட்டன். அவனுக்கு விளங்கேல்லை. போனை வைச்சிட்டன்.

அண்டு பின்னேரம் திரும்பவும் அம்மாவோடை மல்லுக்கட்டினன். போனிலை வாறதெல்லாம் மெய்யில்லை அம்மா, மிசினாலை என்னவும் செய்யலாம் எண்டு. அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ, திருவலையை விட்டிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தா.

"நிலவிலை இந்தியாக்காரன் இறங்கினதை நீதானே எனக்குப் போனிலை காட்டினனி?"

"ஓம்."

"அது மெய்யோ?"

"மெய்தான்."

"எங்கையோ கிடக்கிற நிலவிலை வண்டில் ஊருறது மெய். நான் பெத்தவன் கதைக்கிறது மட்டும் பொய்யோ?"

அண்டைக்கு நாங்கள் ரண்டு பேரும் பாத்தது எனக்கு நல்ல ஞாபகம். இறங்கிற நேரத்திலை அவங்கள் காட்டினது கம்பியூட்டரிலை கீறின படம். அது கீறின படம், ஆனால் நடந்தது மெய். இது ஆளை அப்பிடியே உரிச்ச படம், ஆனால் நடந்தது பொய். உதை எந்தப் பாசையிலை அம்மாவுக்கு விளங்கப்படுத்திறது? நிலவிலை ஆள் இறங்கினதையே நம்பாமல் செத்துப்போனவர் எங்கடை அப்பா. அவரோடை சண்டை பிடிச்சு அம்மாவை நம்ப வைச்சவள் நான். நம்பு நம்பு எண்டு சொன்ன வாயாலை இப்ப நம்பாதை எண்டு சொல்ல வேண்டிக் கிடக்கு.

பக்கத்து வீட்டுக்காரியள் என்ன சொல்லிச்சினம் தெரியுமோ? "விடு பிள்ளை. வயசு போன காலத்திலை மனிசி சந்தோசமாய் இருக்கட்டுமே." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சந்தோசம் எண்டால் என்ன, வெற்றிலை பாக்கோ, ஆள் ஆளுக்கு மடிச்சுக் குடுக்க? உவையின்ரை பிள்ளையள் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டை வந்து சோறு திண்டுபோட்டுப் படுக்கினம். உவை சொல்லுவினம்.

அடுத்த கிழமை வீடு முழுக்க மிளகாய் வறுத்த புகை. எனக்கு இருமி இருமிக் கண்ணாலை தண்ணி ஓடுது. அம்மா அடுப்படியிலை, மல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம் எண்டு ஒவ்வொண்டாய் வறுத்துக் கொட்டிறா. ஆருக்கு எண்டு நான் கேக்கேல்லை. தானாய்ச் சொன்னா: "அங்கத்தையான் கறியிலை உறைப்பு இல்லை எண்டு அந்தக் காலத்திலை உன்ரை கொப்பர் சொல்லுறவர். பாவம், நாக்குச் செத்துப் போயிருப்பான்." காங்கேசன்துறையிலை இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுதெல்லே, அதிலை போகப் போறாவாம். போய்? "போய் விசாரிப்பன். வாய் இருக்குத்தானே." முழங்கால் மடக்கேலாத மனிசி, பாஸ்போட் எடுக்கிறதுக்கு என்ரை கடையிலை வந்து படம் எடுக்கச் சொல்லி நிண்டா. நான் எடுக்கேல்லை. கமெரா பழுது எண்டன். அம்மா பருத்தித்துறைக்குப் போய் வேறை கடையிலை எடுத்துக்கொண்டு வந்திட்டா. கெட்டித்தனத்துக்குக் குறைவில்லை.

அந்தக் கோவத்தோடை நான் நாளும் பொழுதும் கடையைத் திறந்து பூட்டிக்கொண்டு இருந்தனான். ஆனால் என்னை உலுக்கினது அதில்லை.

காணாமல் போன பிள்ளையளின்ரை தாய்மார் ரோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கினம். அம்மாவும் ஏலுமான நாளுகளிலை பஸ் ஏறிப் போய், அண்ணையின்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு அவையோடை இருந்திட்டு வாறவ. வீடியோ வந்த பிறகு ஒரு நாள் பயத்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோய், என்ரை பிள்ளை இருக்கிறான் எண்டு சொல்லி எல்லாருக்கும் குடுத்திருக்கிறா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சது, சாவகச்சேரிப் பக்கத்து அம்மா ஒராள் ரண்டு பஸ் மாறி என்ரை கடைக்கு வந்த அண்டைக்கு.

மெலிஞ்ச மனிசி. வேர்த்து ஊத்தக் கதிரையிலை இருந்து, சொப்பின் பையுக்குள்ளை இருந்து லமினேற் பண்ணின படத்தை எடுத்தா. கழுத்திலை பள்ளிக்கூட ரை கட்டின பொடியன்.

"பிள்ளை, கொம்மா சொன்னவ. உங்களிட்டை இருக்கிற மிசினிலை படத்தைக் குடுத்தால், பிள்ளையள் எங்கை இருந்தாலும் பிடிச்சுக் கதைக்க வைக்குமாமே. என்ரை பிள்ளையையும் ஒருக்காக் கதைக்க வையுங்கோவன்."

அவ படத்தைத் துடைச்சுத் துடைச்சுச் சொல்லுறா: "எனக்கு அவன்ரை முகம் ஞாபகம் இருக்கு பிள்ளை. குரல் மறந்துபோச்சு. என்ன செய்தும் வருகுதில்லை."

சோடா உடைச்சுக் குடுத்தன். மிசின் இப்ப வேலை செய்யேல்லையம்மா எண்டு சொல்லி, கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸிலை ஏத்தி விட்டன். பிறகு கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை நடந்தன். நடந்தன் எண்டே? எரிஞ்சுகொண்டு போனன்.

ஆரிலை கோவம் எண்டு எனக்கே தெரியேல்லை. அந்தக் கடைசி நாளுகளிலை மேலை வானத்திலை சற்றலைட்டிலை இருந்து எங்கடை சனத்தைப் படம் எடுத்துக்கொண்டுதானே இருந்தவங்கள். எத்தினை கூடாரம், எந்த இடத்திலை குண்டு விழுந்து தோண்டின கிடங்கு எண்டு பிறகு கீறிக் காட்டினவங்கள்தானே. கூடாரத்தை எண்ணத் தெரிஞ்ச கண்ணுக்கு, ஒரு பஸ் எந்த ரோட்டாலை போய் எங்கை நிண்டது எண்டு தெரியாமல் போச்சோ? இப்ப கடலுக்குப் போற எங்கடை பொடியங்களுக்கு வள்ளம் நிக்கிற இடத்தை உள்ளங்கையிலை காட்டுது. நாளைக்கு எத்தினை மணிக்கு மழை எண்டு சொல்லுது. நான் போனிலை ஒருக்கா அரிசி அரைக்கிற மிசின் விலை பாத்தால், ஒரு மாசத்துக்கு அரிசி மிசின் அரிசி மிசின் எண்டு பின்னாலை திரியுது. என்னத்தை நினைக்கிறம் எண்டு கூடத் தெரியுது. ஆனால் எங்கடை பிள்ளையள் எங்கை எண்டு கேட்டால் மட்டும் எல்லாருக்கும் கண்ணும் அவிஞ்சு காதும் அடைச்சுப்போகும். சிரிக்க வைக்கத்தான் தெரியும்.

வீட்டை போனவுடனை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து மேசையிலை இருத்தினன். அம்மான்ரை போனிலையே கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். அங்கை நடுச்சாமம். இருக்கட்டும், எழும்பட்டும்.

நித்திரைக் கண்ணோடை வந்தான்.

"எடேய், எனக்கு நியாயம் கதைக்கப்படாது. அம்மம்மா பாத்துக்கொண்டு இருக்கேக்கை, இப்பவே மாமாவை இன்னொண்டு சொல்ல வை. இண்டைக்குத் துறையிலை சூடை மீன் மலிவு எண்டு சொல்ல வேணும்."

"சித்தி, பிளீஸ்..."

"செய்யடா!"

அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பாத்தா. அவன் தட்டினான். தேத்தண்ணிக்கு வைச்ச தண்ணி கொதிக்க முதல் வீடியோ வந்திட்டுது. அதே நரை, அதே வெள்ளைச் சுவர், அதே சிரிப்பு. "அம்மா, இன்னைக்குத் துறையில சூடை மீன் மலிவு."

அம்மா அதைப் பாத்தா. திரும்பவும் போடச் சொன்னா. பாத்தா. பிறகு போனை மேசையிலை குப்புறக் கவிழ்த்து வைச்சுப்போட்டு, கையைச் சீலையிலை துடைச்சா. நான் அழுவா எண்டு நினைச்சன். மயங்கி விழுந்தால் பிடிக்கிறதுக்குக் கிட்டவும் நிண்டனான். எனக்கு அந்த நேரம் என்னிலையே அருவருப்பாய்க் கிடந்தது. ஆனால் செய்யாமல் விட்டிருந்தால் மனிசி கப்பல் ஏறியிருக்கும்.

போனை நிமித்தினா.

"அப்ப, நான் சொல்லுறதையும் சொல்லுவானோ?"

"ஓம் அம்மம்மா. நீங்கள் என்ன சொன்னாலும் சொல்ல வைப்பன்." அம்மம்மா கோவிக்கேல்லை எண்டு நினைச்சிட்டான் போலை, குரலிலை ஒரு சந்தோசம்.

"சரி, எழுது. ‘அம்மா, என்னைப் பஸ்ஸிலை ஏத்தி இன்ன இடத்துக்குக் கொண்டு போனவங்கள். இன்ன ஆள்தான் செய்தவன். இன்ன இடத்திலை மண்ணுக்கை என்னைத் தாட்டுக் கிடக்கு. இனி என்னைத் தேடாதையணை.' அப்பிடிச் சொல்லச் சொல்லு."

அவன் தட்டிறதை நிப்பாட்டிப்போட்டான். இத்தினை வருசத்திலை அம்மான்ரை வாயிலை இருந்து அப்பிடி ஒரு கதை வந்ததேயில்லை.

"அம்மம்மா, இன்ன இடம் எண்டால்... எந்த இடம் எண்டு போடுறது?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறாய்? உன்ரை மிசினைக் கேள்."

"அதுக்குத் தெரியாது, அம்மம்மா."

"தெரியாதோ?"

அம்மா போனைக் கையிலை எடுத்து, முகத்துக்குக் கிட்டப் பிடிச்சா. சத்தம் போடேல்லை. பேரனுக்கு எழுத்துப் படிப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாய் அழுத்திச் சொன்னா.

"செத்தவன் ஒருத்தனையும் கதைக்க வைக்கத் தேவையில்லையடா. அவனைப் பஸ்ஸிலை ஏத்தினவங்கள் உயிரோடை இருக்கிறாங்கள். பென்சன் எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு, நல்ல சுகமாய் இருக்கிறாங்கள். ஏலுமெண்டால் அவங்களைக் கதைக்க வை."